கம்பத்தடிப் பெண்கள்

மழை பெய்தாலும் காக்கை உட்கார்ந்தாலும் ஆன்டெனா என்னும் அலைக்கம்பம் இப்போது கவலைப்படுவதில்லை. உயர் அதிர்வெண் மின்சுற்று வடிவமைப்பவர்களுக்கு முன்பெல்லாம் அதுதான் தலைவலி. மின்சுற்றும் கம்பமும் ஒத்துப்போகாவிட்டால், அனுப்பிய ஆற்றல் திரும்பி வந்து அனுப்பிய கருவியையே சுட்டுவிடும். இசைவி வந்து அந்தத் தொல்லையை ஒழித்தது. சுற்றிலும் என்ன இருக்கிறதோ அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பெட்டி அது.

அந்தத் திமிரில்தான் ஒரு மீன்பிடிக் கம்பெனி, தூத்துக்குடிப் பக்கம் கருவாடு காயப்போடும் மணலில் கம்பத்தை நட்டது. கடலில் மீன் அள்ளும் ஆளில்லாக் கப்பல்களுக்கு அங்கிருந்துதான் கட்டளை போகும். மணல் போனால் பிழைப்பு போகும் என்று, செபஸ்தியாள் தலைமையில் கரைப் பெண்கள் கம்பத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

“நல்லா உட்காருங்கம்மா,” என்று சிரித்தார் மேலாளர் குலோத்துங்கன். “உங்களையும் சேர்த்துத்தான் இசைவி கணக்குப் போடும்.”

உண்மைதான். மாதக்கணக்கில் அங்கேயே உலை வைத்தார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள், ஒருவரோடு ஒருவர் சண்டையும் போட்டார்கள். சமிக்ஞை துளியும் பிசகவில்லை. செபஸ்தியாளுக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

“இவங்களக் கிளப்புறதா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா கிளப்புங்க சார்,” என்று பொறியாளர் அதியன் எச்சரித்தான். “அவங்க உடம்பும் இப்ப ஆன்டெனாவுல ஒரு பகுதி. இசைவி அவங்களுக்கே பழகிடுச்சு.”

மேலாளர் கேட்கவில்லை. ஒரு காலையில் போலீஸ் வந்து அத்தனை பெண்களையும் மொத்தமாக வண்டியில் அள்ளிப்போட்டது.

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் கம்பத்தடியில் கருகல் நாற்றம். ஆற்றல் திரும்பி வந்து, அதை அனுப்பிய மின்பெருக்கியைப் பொசுக்கியிருந்தது. வேறொன்று மாட்டினார்கள், அதுவும் போனது. உடம்பும் உப்புநீர்தானே என்று, பெண்களுக்குப் பதிலாக உப்புத்தண்ணீர்ப் பீப்பாய்களை அடுக்கிப் பார்த்தார்கள். பீப்பாய் மூச்சுவிடாது, குனியாது, பக்கத்துப் பீப்பாயோடு சண்டைக்கும் போகாது. இசைவி அவற்றை ஏற்கவில்லை. புதிதாகக் கற்பிக்க மாதங்கள் ஆகும் என்றான் அதியன். கடலில் கப்பல்கள் திக்குத் தெரியாமல் நின்றன.

சாயங்காலம், பெண்களை அடைத்துவைத்திருந்த கல்யாண மண்டபத்துக்கு மேலாளர் ஓடிவந்தார்.

“உங்களை விடச் சொல்லிட்டேன். வந்து பழையபடி உட்காருங்க. நிழல், சாப்பாடு எல்லாம் கம்பெனி தரும்.”

“போராட்டத்துக்கு ஆள் எடுக்கியளோ?” என்றாள் செபஸ்தியாள். மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “ஒங்க பொட்டி எங்கள சேத்துக்கிட்டுது. நாங்க அதச் சேத்துக்கிடலயே. மொதல்ல கம்பத்தப் புடுங்குங்க.”

“புடுங்கினா கப்பலுக்கு யார் வழி சொல்றது?”

“கடல்ல நிக்கட்டும். எங்க ஆம்பளையள் வழி கேட்டா மீன் புடிச்சாவ?”

இன்ஸ்பெக்டர் கதவை அகலத் திறந்து, எல்லாரும் போகலாம் என்றார். ஒருத்தியும் அசையவில்லை.

“மணல் எங்க கைக்கு வரட்டும், எந்திரிக்கோம்,” என்று சொல்லிவிட்டு, செபஸ்தியாள் மண்டபத் தரையில் காலை நீட்டிப் படுத்தாள்.