உள்ளே இருப்போர்: 1

ஈ காக்கை இல்லாமல் பூட்டிக் கிடந்த தொழிற்சாலையில், ஓவனுக்குள் ஒரு ஆள் இருப்பதாகத் திரை சொன்னது. விஜயதசமி காலை, மணி ஒன்பதரை. அருணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். உள்ளே இருப்போர்: 1. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு சர்வர் பெட்டியின் நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வாடிய சாமந்தியும் ஊதுவத்திச் சாம்பலும் அழுகத் தொடங்கிய வாழைப்பழமும் ஏசிக் குளிரில் கலந்து, அந்தச் சின்ன அறையில் ஒரு பழைய மாலையின் வாசனை தேங்கி நின்றது.

மூக்கண்டப்பள்ளிக்குப் பின்னால் இருந்த அந்தத் தொழிற்சாலையில் வண்டிகளுக்கான இரும்புச் சட்டங்களுக்குப் பெயிண்ட் அடித்து, ஒரு லாரியே உள்ளே போகிற அளவுக்குப் பெரிய ஓவனில் வைத்துச் சுடுவார்கள். ஓவனைச் சுத்தம் செய்ய ஆட்கள் உள்ளே போவார்கள். போகும்போதும் வரும்போதும் வாசலில் உள்ள கருவியில் தங்கள் அட்டையைத் தொட வைக்க வேண்டும். உள்ளே யாரும் இல்லை என்று சர்வர் சொன்னால்தான் பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால்தான் பர்னர் பற்றும். சர்வரைப் பார்த்துக்கொள்வது அருணாவின் வேலை.

அந்த சர்வரில் இருந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் பத்து வருஷம் ஆடாமல் அசையாமல் நிற்கும் என்று பேர் வாங்கியது. பெரிய கம்பெனிகள் அதற்காகத்தான் அதை விரும்பி வாங்குகின்றன. ஆனால் ஆடாமல் நிற்கிற அது தருகிற பேக்கேஜ்களெல்லாம் அரதப் பழசு. ஆள் எண்ணும் மென்பொருளின் பழைய பதிப்பில் ஒரு கோளாறு இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போதும், தான் புதிதாக ஓடத் தொடங்கும்போதும், உள்ளே யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாப் பெயரையும் அது அழித்துவிடும். புதிய பதிப்பில் அதைச் சரி செய்துவிட்டார்கள். அருணா புதிய மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் நம்பகமான ஒரு வெளி ரெப்போவைத் தேடிப் பிடித்து, சிஸ்டத்தின் பழைய கோப்புகள் எதையும் தொடாமல், புதிய பேக்கேஜ்களைப் பக்கத்திலேயே நிறுவி ஓட்டிக் காட்டினாள். மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் எவனோ அட்டையைத் தொடாமல் வெளியே வந்துவிட, பச்சை எரியாமல் நாற்பது நிமிஷம் வேலை நின்றது. பிளாண்ட் மேனேஜர் பாஸ்கரன் குதி குதியென்று குதித்தார். பழசையே போடச் சொன்னார். போட்டாள்.

அதற்குப் பதினோராம் நாள், மதியம் இரண்டு மணிக்கு, சகாயநாதன் ஓவனுக்குள் இருந்தார்.

சாமல்பட்டிக்காரர். காண்டிராக்ட் ஆள். அட்டையைத் தொடாமல் உள்ளே போனது அவர் தப்பு என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. அவர் தொட்டார் என்பது அருணாவுக்குத் தெரியும். பதிவை அவள் பார்த்திருந்தாள். கடைசி முறை தொட்டது 1:38-க்கு. அவர் மனைவி மேரிராணி கேட் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தபோது அருணா ஸ்கூட்டியை நிறுத்தாமல் போனாள். வேலை போய்விடும் என்று பயந்தாள். அன்றிலிருந்து ஒரு கோபம் அவளுக்குள் எரிந்துகொண்டேயிருந்தது, பாதி நிர்வாகத்தின் மேல், பாதி தன் மேலேயே.

இப்போது அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் அதே பாஸ்கரன் புதுசைப் போடச் சொல்லிவிட்டார். பூஜை நாளில் இயந்திரங்களை ஓட்ட மாட்டார்கள். அந்த இடைவெளியில் முடித்துவிடு என்றார். ராத்திரியே முடித்துவிட்டாள். காலையில் வந்து திரையைத் திறந்தால் இது.

அந்த எண்ணைத் தட்டினாள். பெயர் விரிந்தது.

சகாயநாதன். உள்ளே நுழைந்தது 1:38. உள்ளே இருக்கும் நேரம்: 41 நாள், 19 மணி, 52 நிமிடம்.

பழைய பதிவைப் புதிய பதிப்பு எங்கிருந்தோ எடுத்துப் படித்திருக்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்த வரியை அழித்தாள். வந்தது. பதிவுக் கோப்பைக் காலி செய்தாள். வந்தது. மென்பொருளையே நிறுத்தி மறுபடி ஓட்டினாள், மறுபடியும் வந்தது, நிமிடம் மட்டும் கூடியிருந்தது. சர்வரின் காற்றாடிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாய்க் கொக்கிகள் தொங்கும் இருண்ட பெயிண்ட் கூடத்திலிருந்து, தகரத்தை உள்ளங்கையால் தட்டுவது மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டு வந்தது. நேற்று ஒரு நாள் தவிர இத்தனை நாளும் மூன்று ஷிப்டும் இருநூறு டிகிரியில் அந்த ஓவனை ஓட்டியிருக்கிறார்கள்.

பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாகப் பாஸ்கரன் வந்தார்.

"என்னாம்மா, பச்சை எரியல? பத்தரைக்கு நல்ல நேரம். மொதலாளி வந்து பட்டன அமுக்கணும்."

"உள்ள ஆள் இருக்குன்னு காட்டுது சார்."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். படித்தார். ஒரு கணம் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"செத்தவன் பேர வச்சி வெளையாடறியா?"

"நான் வெக்கல சார். மூணு தடவ அழிச்சிட்டேன். திருப்பித் திருப்பி வருது."

"அப்ப பழசையே போடு."

"மாட்டேன்." அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "போன தடவயும் நீங்க சொன்னீங்கன்னுதான் போட்டேன். அவர மூட்டையில அள்ளிக்கிட்டுப் போனாங்க. அவர் மேலயே பழியும் போட்டீங்க. நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"சம்பளம் வாங்கும்போது இந்த வாயி எங்க போச்சி?"

அவருடைய போன் அடித்தது. கேட்டில் காவலுக்கு இருக்கும் கோவிந்தப்பன். குரல் வெளியே கேட்டது. "சார், மொதலாளி காரு ஜூஜுவாடி தாண்டிருச்சாம், இப்ப வந்துரும்."

பாஸ்கரன் அவள் தோளுக்கு மேல் குனிந்து நின்றுகொண்டார். பழசை மறுபடி நிறுவும் கட்டளையை அடிக்கும்வரை நகரவில்லை. அடித்தாள். திரை கேட்டது: பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமா? y / n.

"இரு," என்றார். "இன்ஸ்பெக்சன் வேற இருக்குது, பழசு இருந்தா மாட்டிக்குவோம். அவன் அட்டை உள்ள எங்கியாச்சும் விழுந்து கெடக்கும். நான் போய் எடுத்தாரேன். எண்ணிக்க எறங்கிடும். எறங்கலன்னா நீ அமுக்கற."

"இருநூறு டிகிரில பிளாஸ்டிக் அட்டை இருக்குமா சார்?"

அவர் கூடத்துக்குள் போனார். ஓவன் பக்கத்துப் பலகையில், பச்சை வந்ததும் பர்னர் தானே பற்றிக்கொள்ளும்படி சுவிட்சைத் திருப்பி வைத்தார்.

அருணா அறை வாசலுக்கு ஓடினாள். "ஆட்டோல வச்சிட்டு உள்ள போவாதீங்க சார்!"

சிரித்தார். "உள்ள ஆள் இருந்தா பத்திக்காதில்ல? அதான ஒன் புது சாப்ட்வேரு?"

அட்டையைத் தொட்டார். பீப். போன் வெளிச்சத்தோடு உள்ளே போனார்.

அவள் நாற்காலிக்குத் திரும்பினாள். உள்ளே இருப்போர்: 2.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. காற்றாடிகள் மட்டும். கண்ணாடிக்கு அப்பால் ஓவன் கதவு அசைந்தது. காற்று இல்லை. ஆள் இல்லை. பெரிய இரும்புக் கதவு, இரண்டு பேர் தள்ள வேண்டிய கதவு, மெல்ல நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டது.

பீப்.

உள்ளே இருப்போர்: 1.

அப்பாடா, வெளியே வந்துவிட்டார். அட்டை கிடைத்திருக்கும். பெயரைப் பார்த்தாள்.

பாஸ்கரன்.

அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. சகாயநாதன். வெளியேறியது 10:21.

கூடத்தில் கால் சத்தம். வெறுங்கால். சிமெண்ட் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். ஓட வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்கவில்லை. சாமந்தி வாசனை போய்விட்டது. சுட்ட பெயிண்ட். முடி கருகும் நாற்றம். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் அவள் பிடரி வியர்த்தது.

சத்தம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

"சார்?" என்றாள். திரும்பவில்லை.

மூச்சு இல்லை. சூடு மட்டும்.

அவள் விரல் y மேல் இருந்தது. எப்போது வைத்தாள்? அவளுக்குத் தெரியாது. தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு வந்து அவள் கையின் மேல் படிந்தது. கரிந்த கை. விரல்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. அது அமுக்கவில்லை. காத்திருந்தது. அவள் தோல் பொசுங்கியது. மேரிராணி கேட் வாசலில் உட்கார்ந்திருந்த மூன்று நாளும் நினைவுக்கு வந்தன. அவர் தப்பு என்று எழுதிய காகிதம் நினைவுக்கு வந்தது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

y விசை இறங்கியது.

வரிகள் ஓடின. பழைய பதிப்பு நிறுவப்பட்டது. உள்ளே இருப்போர்: 0.

கூடத்தில் பச்சை எரிந்தது. பர்னர் இரைந்து பற்றிக்கொண்டது. ஓவன் கதவின் சின்னக் கண்ணாடியில், உள்ளிருந்து இரண்டு உள்ளங்கைகள் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தன.