டெல்டா பதினெட்டு

"ஐயோ...!"

டெஸ்ட் ரூமிலிருந்து டெக்னீஷியன் அலறிய அலறலில் மொத்த மாடியும் ஓடி வந்தது.

சீனியர் இன்ஜினீயர் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். உயிர் இல்லை. மேஜை மேல் கேபிளைச் சோதிக்கும் நெட்வொர்க் அனலைசர் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்ததும் டெக்னீஷியனை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார். மானேஜர் வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டார்.

"இவதான் சார்! காலையில அவரோட சண்டை போட்டா. நான் மூணு நாளா இந்த ரூம்ல காலடி வெக்கலை. இதெல்லாம் என் லெவல் வேலையா?"

அவர் லெவல் வேலை அவளுக்குத் தெரியும். மட்டமான கேபிளாக இருந்தால், அனலைசர் திரையில் கோடு அழகாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, அளவு காட்டும் மார்க்கரை வைத்து, 'பாஸ்' என்று கையெழுத்துப் போடுவது! சீனியர் அதை இன்று மேலிடத்தில் சொல்வதாக இருந்தார்.

"சண்டையாம்மா?"

"கேபிள் ஜாயின்ட் சரியா போடலைன்னு திட்டினார் சார். அதுக்கு மண்டையை உடைப்பாங்களா?"

"எதால அடிச்சாங்கன்னே தெரியலையே..."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"சார்... இந்தக் கேபிள் இங்கேருந்து சீலிங் மேலயே மொட்டை மாடி வரைக்கும் போகுது. எங்கே நசுங்கினாலும் இந்தக் கோட்டுல ஒரு மேடு தெரியும். ஒன்பது மணிக்கு இந்த மேடு இல்லை. யாரோ கேபிளோட எதையோ சேர்த்துத் திணிச்சிருக்காங்க!"

குமிழைத் திருகினாள். மார்க்கர் என்ற அந்தச் சின்ன முக்கோணம் நகர்ந்து மேட்டின் உச்சியில் உட்கார்ந்தது.

எண்ணைப் பார்த்தாள். பகீரென்றது.

பிறகு வாசல்வரை கேட்கிற மாதிரி படித்தாள்.

"பதினெட்டு மீட்டர் சார்!"

போலீஸ்காரர்கள் டேப்பும் ஏணியுமாக ஓடினார்கள். பதினெட்டாவது மீட்டரில் சீலிங் பலகையை நகர்த்தினார்கள்.

தூசி! வெறும் தூசி!

மானேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இந்த லட்சணத்துல டெக்னீஷியன்! தலையில அடிச்சுக்கலாம். அது டெல்டாம்மா, டெல்டா! முதல் மார்க்கர்லேருந்து ரெண்டாவது மார்க்கர் வரைக்கும்தான் பதினெட்டு. அந்த ஆறையும் கூட்டு! இருபத்தி நாலு. உன் சீட்டுக்கு நேர் மேலே!"

ஏணி நகர்ந்தது.

இருபத்தி நாலாவது மீட்டர். ரத்தக்கறையோடு ஒரு பெரிய ஸ்பேனர்!

இன்ஸ்பெக்டரின் கை விலங்கை எடுத்தது.

"என்னம்மா... இப்ப என்ன சொல்றே?"

இப்போது விட்டால் ஆயுசுக்கும் ஜெயில்தான்.

"டெல்டான்னு எனக்கும் தெரியும் சார். பார்த்ததுமே என் சீட்டுன்னு புரிஞ்சு போச்சு. அதான் பாதியை மட்டும் சொன்னேன்... மீதியை யார் சொல்றாங்கன்னு பார்க்க!"

"புரியலையே?"

"முதல் மார்க்கர் தினமும் ஜீரோவுலதான் இருக்கும். இன்னிக்கு ஒன்பது மணிக்குத்தான், என் ஜாயின்ட்டைப் பார்க்க சீனியர் அதை ஆறாவது மீட்டருக்கு நகர்த்தினார். அப்ப ரூம்ல நாங்க ரெண்டு பேர்தான். அப்புறம் நான் மொட்டை மாடிக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா... அவர் கிடக்கார். இப்பவும் பாருங்க, மெஷினோட முதுகுதான் வாசலைப் பார்த்திருக்கு. மூணு நாளா உள்ளே காலடி வெக்காத சாருக்கு, அந்த 'ஆறு' எப்படித் தெரிஞ்சுது?"

இன்ஸ்பெக்டர் திரையைக் குனிந்து பார்த்தார். முதல் மார்க்கர்... ஆறு.

மானேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தப்பித்திருப்பார். அடுத்தவளை முட்டாளாக்காமல் ஒரு நாள்கூட இருக்க முடியாத ஜென்மம்!

விலங்கு அவர் கையில் ஏறியது.

"எ... எத்தனை வருஷம் போடுவாங்க?" முனகினார்.

டெக்னீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எத்தனை போட்டாலும் ஜீரோவுலேருந்து எண்ணுங்க சார். அங்கே டெல்டா கிடையாது!"