அம்மாவை விடாத கம்பளி

"ஏய் ஹெர்லென்! புல்லைத் தூவுறியா, குதிரைக்குத் தீனி வைக்கிறியா? மெல்லிசாப் போடுடீ!"

குரல் கொடுத்தவர் ஸெவெல்மா அக்கா. பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி. ஹெர்லெனுக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறை விட்டால் போதும், அம்மாவோடு சங்கத்துக்கு ஓடி வந்துவிடுவாள்.

புல்வெளியில் ஒரு பழைய கம்பளி ஈரமாக விரிந்து கிடந்தது. அதன்மேல்தான் புதிய கம்பளி பிறக்கப்போகிறது. அதனால் பழையது தாய், புதியது மகள்.

அந்தத் தாய்க் கம்பளி யாஞ்மா அக்காவுடையது. போன குளிர்காலத்துப் பனியில் ஆடுகள் எல்லாம் செத்துப்போக, கைக்குழந்தை பில்கூனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தவள். கூடாரம் இருக்கிறது. தாயை மிதித்துத் தேய்த்துவிடக் கூடாது என்பதால், உள்ளே தரையில் விரிக்கத்தான் ஒன்றும் இல்லை. வெறும் மண்ணின் சில்லிப்பில் பில்கூன் நாள் முழுக்க இருமினான். குளிர் வருவதற்குள் அவனுக்கு ஒரு விரிப்பு வேண்டும்.

"புல் எதுக்குன்னு தெரியுமா?" என்று ஹெர்லென், யாஞ்மாவின் மடியில் இருந்த பில்கூனிடம் கேட்டாள். "ஆட்டு ரோமத்துல மீனுக்கு இருக்கற மாதிரி குட்டிக் குட்டிச் செதில் இருக்கு. நனைச்சு உருட்டினா ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். தறி வேண்டாம், நூல் வேண்டாம், கம்பளி ரெடி! ஆனா மகள் தாயோடயும் மாட்டிக்கக் கூடாதில்ல? அதான் நடுவுல புல்லு. புரிஞ்சுதா?"

பில்கூன் தும்மினான்.

"புரிஞ்சுடுச்சாம்" என்றாள் ஹெர்லென்.

எல்லோரும் உப்புத் தேநீர் குடிக்கக் கூடாரத்துக்குள் போனார்கள். திரும்பி வந்ததும், அடித்துப் பஞ்சாக்கிய வெள்ளை ரோமத்தை அவசர அவசரமாக புல்லின் மேல் மூன்று அடுக்காகப் பரப்பினார்கள். கம்பளியை இழுத்து உருட்ட வந்திருந்த குதிரைக்காரர் புறப்படத் துடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்து, கழியில் சுருட்டி, ஈரத் தோலால் இறுக்கிக் கட்டினார்கள். குதிரை இழுக்க, சுருள் புல்வெளியில் கடகடவென்று உருண்டது.

அவிழ்த்தபோது ஓரங்கள் அழகாகப் பிரிந்தன. நடுவில் மட்டும் பிரியவில்லை. ஸெவெல்மா இழுத்துப் பார்த்தார். ஹெர்லெனின் அம்மா இழுத்துப் பார்த்தாள். அசையவே இல்லை.

"நான் எல்லா இடத்துலயும் புல் போட்டேனே!" ஹெர்லெனுக்கு அழுகை முட்டியது.

அப்போது பின்னால் 'மே' என்று ஒரு சத்தம். ஸெவெல்மாவின் வெள்ளாடு நின்றிருந்தது. அதன் தாடியில் ஈரப் புல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடிப் பாவி! நாங்க தேநீர் குடிக்கப் போனா, நீ விருந்தே முடிச்சுட்டியா?" என்று ஸெவெல்மா விரட்டினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். யாஞ்மா சிரிக்கவில்லை.

"மகளைக் கிழிச்சா விரிப்பு போச்சு" என்றார் ஸெவெல்மா. "பழசைத்தான் வெட்டணும். வேற வழியில்ல, யாஞ்மா."

யாஞ்மா பழைய கம்பளியைத் தடவினாள். "எங்க வீட்டுக் கம்பளி எல்லாம் இதுமேல பிறந்ததுதான் அக்கா. மிஞ்சினது இது ஒண்ணுதான்" என்றாள். பிறகு பில்கூன் இருமினான். அவள் தலை குனிந்தாள். "சரி... வெட்டுங்க."

ஸெவெல்மா கத்தியை எடுத்தார்.

ஹெர்லென் குனிந்து இரண்டு கம்பளிகளையும் சேர்த்துப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். தடிமனாக, மெத்தென்று இருந்தது.

"இருங்க அக்கா! எதுக்குப் பிரிக்கணும்?"

"என்னடி சொல்ற?"

"தரை விரிப்புக்கு நாம என்ன பண்ணுவோம்? ரெண்டு கம்பளியை ஒண்ணாச் சேர்த்துவச்சு, ஒட்டக ரோம நூலால நெருக்கமாத் தைப்போம். இது பாதி தானாவே ஒட்டிக்கிட்டிருக்கு. மீதியையும் தைச்சுட்டா?"

ஸெவெல்மா கத்தியைக் கீழே வைத்தார். "பழசு அடியில, புதுசு மேல... தடிமன் ரெட்டிப்பா வருமே! ஆனா யாஞ்மா அடுத்த கம்பளி செய்யணும்னா தாய்க்கு எங்க போறது?"

"எங்க வீட்டுத் தாயை எடுத்துக்கட்டும்!"

எல்லோரும் ஹெர்லெனின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னையா?" என்றாள் அவள்.

இந்த முறை யாஞ்மாதான் முதலில் சிரித்தாள்.

கோணி ஊசிகள் வந்தன. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தைத்தார்கள். ஹெர்லென் போட்ட வரிசை கொஞ்சம் கோணல். "பிரிச்சுத் தைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"தொடாதே! அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் யாஞ்மா.

அடுத்த வாரம் வெளியே முதல் பனி தூறியது. ஹெர்லென் யாஞ்மாவின் கூடாரத்துக்குப் போனாள். கதவைத் திறந்ததுமே யாஞ்மா உதட்டில் விரல் வைத்துச் சைகை காட்டினாள்.

விரிப்பின் நடுவில், வெறுங்காலோடு, கை கால்களைப் பரப்பிக்கொண்டு பில்கூன் தூங்கிக்கொண்டிருந்தான். ஹெர்லென் காத்திருந்து பார்த்தாள். ஒரு இருமல்கூட இல்லை.

அவன் விழித்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் சூடான தேநீரைக்கூடச் சத்தமில்லாமல் உறிஞ்சினார்கள்.