ஆணி எடுத்த கால்

"அந்நியர். வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்" என்றது கதவு.

பேச்சித்தாய் பின்னால் போய் மறுபடி நடந்து வந்தாள். நடையறிக் கதவுக்கு முகமும் குரலும் வேண்டாம். வாசல் தளத்தில் விழும் எட்டு அடிகளின் கனத்தையும் சாய்வையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடும். தூத்துக்குடி உப்பளக் குடியிருப்பில் சாவியைக் கண்ணால் பார்த்து வருஷங்களாகின்றன.

"அந்நியர். வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்."

"அந்நியராம்லா. ஒம்பது வருசமா இங்கனதான கெடக்கேன்."

உள்ளே அவள் கணவன் சுடலைமணி படுத்த படுக்கை. அவனுக்கு மூச்சு கொடுக்கும் உருளை பன்னிரண்டு மணிவரைதான் வரும். மாற்ற அவள் கை வேண்டும். மணி பதினொன்றே முக்கால். கைப்பேசியும் உள்ளே. உப்புக்காற்று புகாத கதவைத் தாண்டி எந்தக் கூச்சலும் போகாது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் தொலைவில் உப்புப் பாத்தியில் இருந்தார்கள்.

காலையில் அவன்தான் அனுப்பினான். "ஏட்டி, இன்னும் எத்தன நாளு நொண்டுவ? கால் வைத்திய முகாமுக்குப் போயிட்டு வா."

"யாரு வந்தாலும் தெறக்காதீங்க. நான் வந்தா கதவுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். படுக்கையருகே, கதவு சொல்வதை எழுத்தில் மட்டும் காட்டும் திரையும் இரண்டு பொத்தான்களும் இருந்தன: திற, வேண்டாம். அவள் சொல்லைத் தட்டாத மனுஷன்.

முகாமில் பாதச்செப்பனி இயந்திரம் அவள் வலது காலை உள்ளே வாங்கி, கால் ஆணியை வேரோடு கரைத்து, பித்தவெடிப்பை மூடி, புதுத்தோல் பரப்பிக் கொடுத்தது. "இனி வலின்னா என்னன்னே தெரியாதுக்கா" என்றாள் அங்கிருந்த பெண். தெரியவில்லைதான்.

நொண்டிப் பார்த்தாள். வலிக்காத கால் பொய்யாகத்தான் விழுந்தது.

"அந்நியர். வீட்டுக்காரர் மறுத்துவிட்டார்."

ஒவ்வொரு மறுப்பும் அவளுக்கு ஆறுதலாகவே இருந்தது. மறுக்கிறான் என்றால் மூச்சு இருக்கிறது. ஆறு முறை மறுத்தான்.

ஏழாவது முறை கதவு சற்றுத் தாமதித்தது. "அந்நியர். வீட்டுக்காரரிடமிருந்து பதில் இல்லை."

வாசலோரம் உப்பு மூட்டை சாத்தியிருந்தது. புளியங்கொட்டை பருமனில் ஒரு கல்லுப்பை எடுத்து, ஆணி இருந்த இடத்துக்கு நேராகச் செருப்பில் வைத்து ஏறி மிதித்தாள். புதுத்தோல் கிழிந்தது. உப்பு உள்ளே இறங்கியது. எட்டு அடி நடந்தாள்.

கதவு திறந்தது.

உருளையின் அளவுமுள் அடியில் கிடந்தது. சுடலைமணியின் கட்டைவிரல் 'வேண்டாம்' பொத்தானை விட்டு நகரவே இல்லை. திரையில் ஏழு அந்நியர்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: "மனைவி வந்துவிட்டார்."