பின்னறைச் சுவர்

காலையில் ஓர் ஆள் உயரத்துக்கு மண் உதிர்ந்து கம்புகள் மட்டும் தெரிந்த பின்னறைச் சுவர், பகல் சாப்பிட்டுவிட்டு பஹ்மிதா பாயை எடுக்கப் போனபோது, முழங்கால் உயரத்துக்கு அடைபட்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் வயலோரம் நின்ற அந்தப் பழைய வீட்டைத் திருத்தும் வேலையை அவள் கணவன் ஹுஸ்னி எடுத்திருந்தான். வேலை முடியும்வரை இருவருக்கும் அங்கேதான் தங்கல். கருங்கல்மேல் நிறுத்திய பலாமரத் தூண்கள், இரும்பே படாமல் மர ஆணியால் கோத்த உத்தரங்கள், தூணுக்குத் தூண் கொடியால் வரிந்து கட்டிய கம்புகள், கம்புகளுக்கிடையே அப்பிய மண். பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. மண் விழுந்த அந்த இடைவெளி வழியாகத்தான் வெளிச்சம் வரும்.

அவர்தான் பூசிவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். அவள் திறந்து வந்த கதவு மூடி, நிலையோடு பொருந்தியிருந்தது. இழுத்தாள். மழையில் ஊறிய மரம்போல இறுகிக் கிடந்தது. வாரக்கணக்கில் மழையே இல்லை.

ஃபோனை எடுத்தாள்.

"பின்னறையில மண் பூசிட்டா போனீங்க?"

"இல்லையே. மண்ணே இன்னும் குழைக்கல. சுண்ணாம்பு எடுத்துக்கிட்டு மாத்தளையில இருந்து வந்துக்கிட்டிருக்கேன்."

"கதவு இறுகிட்டு. வெளிய யாரோ மண்ணு மிதிக்கிறாங்க."

"இன்னைக்கு வேலைக்கு யாரும் வரலையே. பயப்படாம இரு. கிட்ட வந்துட்டேன்."

சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி மறுபடி ஊன்றும் சத்தம், அவசரமே இல்லாமல், வைக்கோலும் சாணமும் புளித்த வாடையோடு சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டேயிருந்தது. கம்புகளின் ஊடாகப் பார்த்தாள். வெயில். வயல். ஆளில்லை. ஆனாலும் மண் வந்து அப்பியது. இடுப்பளவு. நெஞ்சளவு.

"யாரு?" என்றாள்.

கம்புகளுக்கிடையே விரல்களை நுழைத்து ஈரமண்ணை வெளியே தள்ளினாள். குளிர்ந்த கையொன்று அந்த விரல்களைப் பிடித்தது. நோகாமல், ஒவ்வொன்றாக மடக்கி, உள்ளே திருப்பி வைத்தது. பிறகு அந்த ஓட்டையையும் மூடியது.

இருட்டு.

முற்றத்தில் த்ரீவீல் வந்து நின்றது. "பஹ்மிதா!"

கத்தினாள். ஓடிவரும் செருப்புச் சத்தம். பின்சுவரில் அவன் கை தட்டியது.

"இங்கதான் உடைஞ்சிருந்திச்சு," என்றான் அவன். "எல்லாம் காஞ்சுபோய் இருக்கே. கல்லு மாதிரி. எங்க நிக்கிறாய்?"

"இதுக்குப் பின்னாலதான். உடைங்க. உடைங்க."

அலவாங்கின் இரும்பு முனை சுவரில் விழுந்தது. மண் அசையவில்லை. மறுபடி விழுந்தது.

அவள் மூச்சைப் பிடித்தாள். மிதிக்கும் சத்தம் நிற்கவில்லை. இப்போது வெளியிலிருந்து வரவில்லை.

அறைக்குள்.

பின்வாங்கினாள். முதுகு தூணில் முட்டியது. கணுக்காலில் ஈரமாக ஏதோ அப்பியது. முழங்காலில். இடுப்பில். சுவருக்கு அந்தப் பக்கம் ஹுஸ்னி அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி இடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் குளிர்ந்த உள்ளங்கை ஒன்று, அவள் தோளில் அப்பிய மண்ணை மேடு பள்ளம் தெரியாமல் தடவிச் சமன்செய்துவிட்டு, வாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.