பிரசவ வார்டில் ஒரு சம்மதம்

வங்கிக்காரர்களின் வெள்ளைக் கார் ராசிபுரம் சாலையிலிருந்து திரும்பி, பாதி கட்டிய ஆஸ்பத்திரியின் கேட்டுக்குள் நுழைந்தபோது காலை பத்தே முக்கால். சித்திரை வெயில் அதற்குள் மண்டையைப் பிளந்தது. அன்பரசு சட்டையைச் சரிசெய்துகொண்டு எதிரே ஓடினான்.

நிலம் அரசாங்கத்துடையது, கட்டி முப்பது வருடம் நடத்தப்போவது ஒரு தனியார் கம்பெனி, கடன் கொடுப்பது ஐரோப்பாவில் இருக்கும் வங்கி. அந்த வங்கிக்கு ஒரு விதி உண்டு. வேலையால் பாதிக்கப்படுகிற ஒவ்வொருவரும் மனமாரச் சம்மதித்ததாக எழுத்தில் வேண்டும். அவர்களில் ஒருவரை நேரில் பார்த்துக் கேட்கவும் வேண்டும். அப்புறம்தான் இரண்டாம் தவணை. சம்மதம் வாங்கித் தருவதற்கென்றே கம்பெனி வைத்திருந்த ஆள் அன்பரசு.

நிலத்தின் ஓரத்தில் எட்டுப் புதைகுழிகள் இருந்தன. அவற்றை இடம் மாற்ற ஏழு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டன. எட்டாவது, சௌந்திரம். பிரசவ வலியோடு சேலத்துக்குக் கொண்டுபோகிற வழியிலேயே இறந்துபோன அவளுடைய ஒரே மகள் கயல்விழி அங்கே கிடந்தாள். அன்பரசு மூன்று முறை போய்க் கேட்டான். மூன்று முறையும் மோர் கொடுத்து உட்காரவைத்து, அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"ஆஸ்பத்திரி வரட்டுஞ் சாமி. எம்புள்ளைக்குத்தான் கெடைக்கல. அவ படுத்திருக்கற எடத்த மட்டும் உட்டுட்டுக் கட்டுங்க."

தை மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள். கேட்க நாதியில்லை. மாசி பிறந்ததும் அன்பரசு தன் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து அவள் பெயருக்கு நேரே அழுத்தினான். கயல்விழியின் எலும்புகளை ஊர் மயானத்துக்கு மாற்றியபோது அவளே கூட நின்று பால் தெளித்ததாக அறிக்கையும் எழுதினான். உண்மையில் ஜேசிபி அள்ளிய மண்ணோடு மண்ணாக அவை பிரசவ வார்டின் தளத்துக்கு அடியில் போய்விட்டன.

நேரில் பார்க்க வங்கி தேர்ந்தெடுத்த பெயர் சௌந்திரம்.

செத்துவிட்டாள் என்று சொல்லவும் வழியில்லை. தையில் செத்தவள் மாசியில் எப்படிப் பால் தெளித்தாள்? தவணை நிற்பது இருக்கட்டும். அவனே கம்பி எண்ண வேண்டியதுதான். அதனால் கேண்டீனில் சமைக்கும் மயிலம்மாளைச் சௌந்திரமாக உட்கார வைத்தான். சேலம் அம்மாபேட்டைக்காரி, இந்தப் பக்கம் அவளை யாருக்கும் தெரியாது. மூன்று கேள்வி, மூன்று பதில். இரண்டு நாள் சொல்லிக் கொடுத்திருந்தான்.

கட்டிடத்தில் மேல்தளமும் தரையும் முடிந்திருந்தது பிரசவ வார்டு ஒன்றுதான். கூட்டம் அங்கே. வங்கி அம்மாள் நடுவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர் தேவிப்ரியா. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மயிலம்மாள்.

அவள் செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தாள். உட்கார்ந்ததும் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். தரையில் எதையோ மிதிக்கக் கூடாது என்பது போல.

வெளியே கலவை இயந்திரம் சட்டென்று நின்றது.

புதிதாகத் தோண்டிய ஈரமண்ணின் வாடை எழுந்தது. கார்த்திகைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை.

நீங்களாகவே விரும்பித்தான் சம்மதித்தீர்களா என்று தேவிப்ரியா கேட்டாள்.

மயிலம்மாள் அவளைப் பார்க்கவில்லை. அன்பரசுவைப் பார்த்தாள்.

"உக்காருங்க சாமி. ஏன் நின்னுக்கிட்டே இருக்கறீங்க?"

அவன் தன்னையறியாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். மயிலம்மாள் யாரையும் சாமி என்று கூப்பிடுகிறவள் அல்ல. அந்தக் குரலை அவன் மூன்று முறை மோர் குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறான்.

"சம்மதந்தானுங்க," என்றாள், தேவிப்ரியாவிடம்.

எங்கே மாற்றினார்கள் என்பது இரண்டாவது கேள்வி.

"நல்ல எடமாப் பாத்துத்தான் வெச்சிருக்காருங்க. தெனம் பத்துப் பொம்பள வந்து பெத்துட்டுப் போகப்போற எடம்."

தேவிப்ரியா கொஞ்சம் விழித்துவிட்டு, நல்ல இடம் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். வங்கி அம்மாள் குறித்துக்கொண்டாள். குடும்பத்துக்கு வேறு ஏதாவது தேவையா என்றாள். ஒன்றும் இல்லை என்பது சொல்லிக் கொடுத்த பதில்.

மயிலம்மாள் தரையைப் பார்த்தாள்.

"தனியாக் கெடக்கறா. பயந்த புள்ளைங்க அவ. தொணைக்கு இவரு வந்து இருக்கோணும். வேறொண்ணும் வேண்டாம்."

அன்பரசுவின் வாய்க்குள் மண் நறநறத்தது.

இந்த அதிகாரியே இங்கு நிரந்தரமாக இருந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குடும்பம் விரும்புகிறது, என்று தேவிப்ரியா மொழிபெயர்த்தாள். வங்கி அம்மாளின் முகம் மலர்ந்தது. நியாயமான கோரிக்கை என்றாள். ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம், தவணைக்கும் தடையிருக்காது, உங்களுக்குச் சம்மதமா என்று அன்பரசுவிடம் கேட்டாள்.

இல்லை என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும். காகிதத்தில் ஒரு வரிதானே, என்ன ஆகிவிடப்போகிறது?

"சம்மதம்," என்றான்.

"வாயில சொன்னாப் போதுங்களா?" அவள் குரல் காதோரம் கேட்டது, அவளோ எதிரே அசையாமல் இருந்தாள். "கைநாட்டு வெச்சுக் குடுங்க சாமி. உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

தேவிப்ரியா அதை மொழிபெயர்க்கவில்லை. அவளுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. அன்பரசுவின் இடது கை அவனைக் கேளாமல் நீண்டு மைப்பெட்டியில் அழுந்தியது.

மை நீலம். தாளில் விழுந்தது செம்மண்.

கார் கிளம்பிப் போனது. தவணை உறுதி. அன்பரசு வார்டுக்குத் திரும்பியபோது மயிலம்மாள் கால்களைத் தொங்கவிட்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"எப்ப சார் கூப்பிடுவாங்க? அடுப்புல வேல கெடக்குது. மூணு பதிலும் மனப்பாடமா இருக்கு."

அவன் வெளியே வந்தான். உச்சி வெயில். வண்டிக்குச் சாவி போட்டான். கேட்டுக் காவலர் ராசப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க, இப்ப ஒரு அம்மா வந்து உங்க ஒசரம் எவ்வளவுன்னு கேட்டுச்சுங்க."

"எந்த அம்மா?"

"நம்ம பக்கந்தானுங்க, பேச்சப் பாத்தா. எனக்குத் தெரியாதுங்கன்னேன். பரவால்ல சாமி, நானே அளந்துக்கறேன்னு நூலெடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு."

அன்பரசு வண்டியை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடியும் உதைத்தான். விட்டுவிட்டுச் சாலையைப் பார்த்து நடந்தான். சாலையில் நாமக்கல் பஸ் வந்துகொண்டிருந்தது. கை நீட்டினால் நிற்கும்.

கேட்டுக்கு இன்னும் நாலு எட்டு.

வலது குதிகாலில் ஈரமாக ஒரு நூல் பட்டது.

குழி வெட்ட ஆளை அளப்பது போல, முதுகை ஒட்டி அது மெதுவாக மேலே ஏறியது. இடுப்பு. தோள். பிடரி.

உச்சந்தலையில் வந்து நின்றது. யாரோ நிதானமாக அங்கே ஒரு முடிச்சுப் போட்டார்கள்.