நான்காம் கட்டிலைத் தாண்டியது

திராட்சை வாங்கி வந்தவர் யாருமில்லை. ஆனாலும் அந்த வாசனை இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்து நெடிக்கும் மூச்சுக் கருவிகளின் ஒரே சீரான பெருமூச்சுக்கும் நடுவே, பழுத்து வெடிக்கக் காத்திருக்கும் பழத்தின் தித்திப்பாக அது இரண்டாம் கட்டிலைச் சுற்றி நின்றதை, மாலை வேலைக்கு வந்த நர்ஸ் கதவைத் திறந்ததுமே உணர்ந்தாள். போன வாரம் அது முதல் கட்டிலில் இருந்தது. அங்கே கிடந்த பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கட்டிலைத் தேய்த்துக் கழுவியாயிற்று.

அவள் யாருக்கும் தீங்கு நினைக்காதவள். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, மனதுக்குள் ஒரு பிரார்த்தனை சொல்லி, ஊசி குத்திக் குத்திக் காய்ந்துபோன கைகளுக்குத் தன்னுடைய டப்பாவிலிருந்து க்ரீம் பூசிவிடுவாள். அப்போது மட்டும் கையுறையைக் கழற்றிவிடுவாள். உறை போட்ட கை தொட்டால் அது தொட்டதாகுமா?

ஐந்தாம் கட்டிலில் கிடந்தவன் அவளுடைய தம்பி. தொண்டையில் குழாய் இறங்குவதற்கு முன், "இந்த எருமைத் தோலுக்கு எதுக்குக்கா இவ்வளவு சீராட்டு?" என்று கேலி செய்தவன்.

மூன்றாம் கட்டிலுக்கு வாசனை வந்த அன்று டாக்டர் அவளைத் தனியே அழைத்து, அந்தத் தித்திப்பு வாசனை எந்த மருந்துக்கும் மசியாத ஒரு கிருமியுடையது என்றார். தம்பிக்கு வருமா என்று கேட்டாள்.

"எத்தனை நாளா இங்கயே கிடக்கிறார் பாருங்க சிஸ்டர். தொண்டையில ஒரு குழாய், கீழ ஒரு குழாய். இருந்த பெரிய மருந்தெல்லாம் போன காய்ச்சலுக்கே குடுத்துட்டோம். இது அவர்கிட்ட வந்துடக் கூடாது. வந்தா, குடுக்க ஒண்ணும் இல்ல."

அன்றே திரைகளை மாற்றச் சொன்னாள். கை கழுவும் தொட்டியைத் தேய்க்கச் சொன்னாள். தன் கைகளைத் தோல் உரியும்வரை கழுவினாள். குழாயை மூடிய பிறகும் எங்கோ சொட்டியது. திரைக்குப் பின்னால் நிழல் அசைந்தது. ஏதோ ஒன்று நடந்து வருகிறது என்று தோன்றியது. ஒவ்வொரு கட்டிலாக நின்று, நிதானமாக, அன்பாகக்கூட.

அடுத்தது நான்கு. அங்கே தீக்காயம் பட்ட பெண். இரண்டு கைகளிலும் விரல் நுனிவரை கட்டு. வெந்த உடம்பை அது விட்டுவைக்காது என்றுதான் எல்லாரும் பயந்தார்கள். நர்ஸ் குனிந்து முகர்ந்தாள். மருந்து நெடி. அவ்வளவுதான்.

கடவுளே, நின்றுவிட்டது.

நிமிர்ந்தாள்.

தித்திப்பு. ஐந்தாம் கட்டிலிலிருந்து.

தம்பியின் தொண்டைக் குழாயைச் சுற்றியிருந்த துணியில் பச்சை ஈரம்.

ஏன் அந்தத் தீக்காயப் பெண்ணை மட்டும் தாண்டியது? திரும்பிப் பார்த்தாள். கட்டுப் போட்ட கைகள். க்ரீம் பூச இடமில்லாத கைகள்.

மேல்சட்டைப் பையில் டப்பா கனத்தது. மூடியைத் திருகினாள். ஒருவர் கையைத் தடவிய விரலாலேயே அடுத்தவருக்காகத் தோண்டித் தோண்டி விழுந்த பள்ளம். அதிலிருந்து பழுத்த திராட்சை வாசனை.

மூடி திருகும் சத்தம் தம்பிக்குப் பழக்கம். கண் திறந்தான். காய்ச்சலில் சிவந்த கண்களால் சிரித்தான். மெல்ல, வழக்கம்போல, இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினான்.